உப்பு அம்பாரத்துச் சிறுத்தை

தாழந்துறையில் நீந்தத் தெரிந்தவனுக்குத் தோணியில் இடம் கிடையாது. வேலை கேட்டு வருகிறவனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மரப்பாலத்தின் நுனியிலிருந்து கடலுக்குள் தள்ளிவிடுவார்கள். அவன் கல்லைப்போல நேராக உள்ளே போய், மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர் ஏறி, இழுத்து மேலே போட்டபின் பலகையில் குப்புறக் கிடந்து கக்கினான் என்றால் அவன் தோணிக்காரன், அன்றைக்கே அவனுக்குச் சோறு உண்டு. கையைக் காலை அடித்து மிதந்துவிட்டான் என்றால் போச்சு, "நீ கட்டுமரத்துக்குப் போ மக்கா, இங்கன உனக்கு வேலை இல்ல" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் முதலாளிமாரும் தோணிக்காரர்களும் ஒரே வாயாகச் சொல்வது ஒன்றுதான்: நீச்சல் தெரிந்தவன் காற்று மாறினால் குதித்துவிடுவான், தெரியாதவன் கடைசிவரைக்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பான், ஏனென்றால் அவனுக்குப் போக இடமில்லை.

இந்த நியாயத்துக்குப் பிரகாசி தன் அப்பனைக் கொடுத்திருந்தாள், அண்ணன்மார் இரண்டு பேரையும் கொடுத்திருந்தாள். அவர்கள் போனது நடுக்கடலில்கூட இல்லை. பாலத்தில் நின்றால் எவன் எந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்று சொல்லிவிடுகிற தூரத்தில், உப்பு ஏற்றிப் புறப்பட்ட தோணி துறைவாயிலேயே புரண்டு, ஊர் மொத்தமும் நின்று மாதாவே மாதாவே என்று கத்த, அப்பன் கை ஒருமுறை மேலே வந்தது, சின்னண்ணன் தலை ஒருமுறை மேலே வந்தது, அப்புறம் கடல் வெளுத்து உலர்த்திய வேட்டி மாதிரி சும்மா கிடந்தது. அதன்பிறகு அவள் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக அலைந்து, எடையில் ஏமாந்து, ஏமாற்றியவன் தராசைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டு, கேட்ட விலைக்குக் கொடுக்கவும் மாட்டாள் சொன்ன விலைக்கு வாங்கவும் மாட்டாள் என்று பேர் எடுத்தாள். அவளைக் கட்டியவன் கஸ்பார். தோணியை நடத்துகிறவனுக்கு அங்கே தண்டல் என்று பெயர், கஸ்பார் தண்டல். அவள் வாய் எவ்வளவு நீளமோ அவன் பேச்சு அவ்வளவு குட்டை. பிள்ளை இல்லை. ஆகவே இனிமேல் கடல் எடுத்துக்கொள்வதற்கு அவளிடம் மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான், இது அவளுக்கும் தெரியும், கடலுக்கும் தெரியும் என்று அவள் நம்பினாள்.

"நீச்சல் படிங்க" என்பாள், அவன் ஒவ்வொரு தடவை கொழும்புக்குப் புறப்படும்போதும்.

"படிச்சா தோணி இல்ல பிரகாசி."

"தோணி இல்லாட்டி என்ன? நான் சோறு போடுதேன்."

"ஒன் சோத்துல உப்பு சாஸ்தி" என்பான் அவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

சிறுத்தை வந்தது ஒரு புனித வாரத்தில், வெயில் ஏறிய காலை வேளையில், கிழக்கேயிருந்து. காடு மேற்கே எத்தனையோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்க, அது கடல் இருக்கிற திசையிலிருந்து வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து, கரையேறி, உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி, சுமை ஏறிக்கொண்டிருந்த மரப்பாலத்தின் மேல் அதுவும் ஒரு சுமைகாரனைப்போல ஏறி வந்தது. தாழந்துறைக்காரர்கள் சுறாவை நாயை விரட்டுவதுபோல விரட்டுகிறவர்கள். ஆனால் காட்டு மிருகம் என்றால் அவர்களுக்குக் குலை நடுங்கும், உடைமரக் காட்டில் நரி ஊளையிட்டாலே கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை உருட்டுவார்கள். சிறுத்தை பாலத்தின் இந்த முனையில் நிற்க, மனிதர்கள் அந்த முனையில் நிற்க, நடுவில் உப்பு மூட்டைகள் கிடக்க, முதலில் தொபியாஸ் குதித்தான். கஸ்பாரின் தோணியில் பாய் கட்டுகிற அவன்தான் எதற்கும் முதலில் ஓடுகிறவன். அவனுக்குப் பின்னால் எல்லோரும் குதித்தார்கள், கஸ்பார் உட்பட, கணக்கு எழுதிக்கொண்டிருந்த முதலாளி உட்பட.

சிறுத்தை பாலத்தின் நுனிவரை வந்து எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்து, உப்பளத்துக் கரையில் மலைபோலக் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் உச்சியில் ஏறி, வெள்ளையின் மேல் மஞ்சளாகப் படுத்து, தூங்கிப்போனது. அதற்கப்புறம்தான் தண்ணீரில் இருந்தவர்களுக்குத் தாங்கள் தண்ணீரில் இருக்கிறோம் என்பது உறைத்தது. ஆழம் தெரியாத இடத்தில், நீந்தத் தெரியாத அத்தனை பேரும், கழுத்தளவில் நிமிர்ந்து, குடங்கள் மிதப்பதுபோல மிதந்துகொண்டிருந்தார்கள்.

"ஏ தொபியாஸு, ஒன் காலு தரையிலயா இருக்கு?" என்று கேட்டான் ஒருவன்.

"தரைய எவன் பாத்தான்? அது போயிட்டா பாருலே!"

இதற்கு என்ன காரணம் என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கேட்டார்கள், அதையும் சாமர்த்தியமாகவே கண்டுபிடித்தார்கள். சிறுத்தைக்குப் பயந்தவனைத் தண்ணீர் எடுக்கவில்லை, பயம் இருக்கிறவரை எடுக்கவில்லை. கடலுக்குப் பயந்தவனை, பேய்க்கும் பொண்டாட்டிக்கும் பயந்தவனைக் கடல் எப்போதும்போல எடுத்துக்கொண்டது. ஒருநாள் தொபியாஸ் கள் குடித்துவிட்டு, அது என்ன பெரிய இவனா என்று சிறுத்தையைத் திட்டிக்கொண்டே பாலத்திலிருந்து இறங்க, இறங்கிய வேகத்தில் தாழ்ந்தான். தூக்கப்போனவன் கையைப் பிடித்தபோது அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாழ்ந்தான், ஏனென்றால் பயமில்லாதவனின் உடம்பு அவ்வளவு கனம். கடைசியில் கயிறு வீசித்தான் இரண்டு பேரையும் எடுத்தார்கள்.

முதலாளிமாருக்கு இது பிடிக்கவில்லை. மிதக்கிறவனை வைத்துத் தோணி ஓட்டுவதா, நாளைக்குக் காற்று மாறினால் குதித்துவிட மாட்டானா என்று கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்பிள்ளைகள் பேசக் கூடாத கூட்டம் அது. பிரகாசி கூடையை இறக்கிவைத்துவிட்டு நடுவில் போய் நின்றாள்.

"நீச்சல் தெரிஞ்சவன ஏத்தக் கூடாதுன்னுதான சொல்லியிருக்கிய? பயந்தவன ஏத்தக் கூடாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றார் ஒரு முதலாளி.

"எப்படி ஒண்ணாவும்? நீச்சல் அவன் சொத்து, அவனோட போவும். பயம் ஒங்க அம்பாரத்து மேல படுத்துக் கெடக்கு. அதுக்குப் பயந்தவன் கரைக்கு ஏன் ஓடியாரப் போறான்? கரையிலதான அது இருக்கு? தோணியிலேயேதான் கெடப்பான்."

முதலாளிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாபாரம் படிந்தது. பங்குச் சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, பயத்தினால் காப்பாற்றப்பட்டவர்கள் வேதத்திலும் உண்டு என்று சொல்லி, தாமும் சன்னல் வழியாக ஒருமுறை அம்பாரத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டார். அப்புறம் முறைமை உண்டாயிற்று. தோணி புறப்படுகிற காலையில் ஆட்கள் எல்லோரும் அம்பாரத்தைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும், அது கண்ணைத் திறந்து பார்க்கிறவரைக்கும் நடக்க வேண்டும், பிறகு பாலத்துக்கு வந்து ஒவ்வொருவனாகக் கயிறு கட்டி இறங்க வேண்டும், மிதந்தவன் ஏறலாம். கயிற்றைப் பிடிப்பது தண்டல். தண்டலை யாரும் சோதிப்பதில்லை, அவன் சோதிக்கிறவன்.

அந்த வருஷத்து வாடைக்காற்றில் பாறையில் மோதி உடைந்த ஒரு தோணியின் ஆட்கள் ஒருவர் குறையாமல் வந்து சேர்ந்தார்கள். கோயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப்போல மார்பளவில் நிமிர்ந்து, கண் பிதுங்கி, பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து, அலைமேல் அலையாக வந்தார்கள். பெட்டியிலிருந்து கறுப்புச் சேலையை எடுத்து மடியில் வைத்திருந்த பெண்கள் அதைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தார்கள். ஊர் சிரித்தது, அழுதது, சிறுத்தைக்கு மீன் தலை கொண்டுபோய்ப் போட்டது. பிரகாசி மட்டும் பாலத்து நுனியில் போய் உட்கார்ந்துகொண்டு, முந்தியே வந்திருக்கக் கூடாதா பாவி, அப்பவே வந்திருக்கக் கூடாதா என்று அந்த மிருகத்தைத் திட்டித் திட்டி அழுதாள்.

சும்மா கிடைத்ததற்கு ஊர் என்ன மதிப்பு வைக்கும்? மீன் தலை போட்ட கை, கொஞ்ச நாளில் கிட்டப்போய்ப் போட்டது. சிறுத்தை யாரையும் கடிக்கவில்லை, யாரையும் பிறாண்டவில்லை. பகலெல்லாம் தூங்கியது, பொழுது சாய்ந்தால் கொட்டாவி விட்டது, ஆட்களின் கையில் ஒட்டியிருந்த உப்பை நக்கியது. பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அம்பாரத்திலிருந்து சறுக்கி விளையாடினார்கள். மாதா திருவிழாவில் அதற்கும் ஒரு மாலை விழுந்தது. உடம்பெல்லாம் மச்சமாக இருக்கிறதே என்று தொபியாஸ் அதற்கு மச்சக்காரன் என்று பேர் வைத்தபோது பிரகாசி கருவாட்டை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்தாள்.

"பேரு வைக்காதலே! பேரு வச்சா எவன் பயப்படுவான்?"

"அக்கா, நல்ல பேருதானக்கா..."

"நல்ல பேரு வேணும்னா ஒன் மகனுக்கு வையி. அதுக்கு வேண்டாம். அது மிருகம். மிருகம்னு சொல்லு!"

"மிருகம்" என்றான் தொபியாஸ், கன்னத்தைத் தடவிக்கொண்டு. அந்தச் சொல்லை அவன் சொன்னது பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

வீட்டிலும் இதே சண்டைதான். உச்சி வெயிலில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே என்று கஸ்பார் ஒரு பழைய பாயை நாலு கழியில் கட்டி அம்பாரத்தின் மேல் நிழல் போட்டுக் கொடுத்தான். கடலிலிருந்து திரும்பினால் வீட்டுக்கு வருமுன் அங்கேதான் போவான். அது அவன் தொடையில் தலையை வைக்கும், அவன் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, எந்த இடத்தில் நீரோட்டம் மாறியிருக்கிறது, கொழும்பில் மழை எப்படி என்று அவளிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்வான்.

"ஒங்களுக்கு அதுகிட்டப் பயம் இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு, இருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா கரண்டைக்காலு மட்டும் மெதப்பியளா?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கேற்றபடி மாசி முடியுமுன் சவரியான் என்கிற தண்டலின் தோணி துறைவாய்க்கு வெளியே புரண்டது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்து, சிறுத்தையை ஒரே ஒரு தடவை தூரத்தில் பார்த்திருந்த ஒருத்தன் மட்டும் மிதந்து வந்தான். மற்றவர்கள், அதற்கு மாலை போட்டவர்கள், அதன் முதுகில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தவர்கள், எல்லோரும் பழைய நாட்களில் தாழ்ந்ததுபோலவே தாழ்ந்தார்கள். சவரியானின் பெண்சாதி பெட்டியைத் திறந்து கறுப்புச் சேலையை எடுத்தாள்.

அன்றிலிருந்து ஊர் பயப்பட முயற்சி செய்தது. ஆட்களை அம்பாரத்தைச் சுற்றி நடக்கவிட்டார்கள்; அவர்கள் நடந்தார்கள், அது வாலை ஆட்டியது. மீன் தலையை நிறுத்தினார்கள். அது வீடு வீடாக வந்து வாசலில் படுத்தது. சாமியார் பீடத்தில் நின்று அதன் பல்லையும் நகத்தையும் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பிரசங்கத்தின் நடுவே அது கோயிலுக்குள் வந்து குளிர்ச்சியாக இருந்த தரையில் உருண்டது, பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கயிறு கட்டி இறக்கினால் பாதிப் பேர் கக்கினார்கள். கஸ்பாரின் தோணிக்கு உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

ஊர் சோறு உண்டு கண் அசந்திருந்த ஒரு மத்தியானத்தில் பிரகாசி ஒரு விறகுக் கட்டையோடும் மீன் கீறுகிற கத்தியோடும் அம்பாரத்தில் ஏறினாள். கஸ்பார் கட்டிய பாயின் நிழலில் அது படுத்திருந்தது. கட்டையால் அடித்தாள், அது எழுந்து, தள்ளிப் படுத்தது. காதைப் பிடித்துத் திருகினாள், வாலை மிதித்தாள், வாய்க்குள் முழங்கையைத் திணித்து, "கடி, கடிச்சித் தொலை, ஒன் காலப் புடிச்சிக் கேக்கேன், ஒரே ஒரு கடி, ஆழமா வேண்டாம், ரத்தம் தெரிஞ்சாப் போதும்" என்று சந்தையில் பேரம் பேசுவதுபோல மன்றாடினாள். வாழ்நாளில் எந்த வியாபாரத்திலும் அவள் அவ்வளவு இறங்கி வந்ததில்லை. அது அவள் கையில் படிந்திருந்த கருவாட்டு உப்பை, சொரசொரத்த நாக்கால், முழங்கையிலிருந்து விரல்வரை பொறுமையாக நக்கிக் கொடுத்தது. பிறகு கத்தியை எடுத்துத் தன் இடது கையை மணிக்கட்டிலிருந்து மேலே நாலு இடத்தில் கீறினாள், சேலையைக் கிழித்தாள், கத்தியை உப்புக்குள் ஆழமாகப் புதைத்தாள், புதைத்துவிட்டு, அப்பன் முங்கிய அன்றைக்குக் கத்தியதைப்போல ஒரு கத்து கத்தினாள்.

தூக்கம் கலைந்து ஓடிவந்தவர்கள் பார்த்தது: வெள்ளை உப்பில் சிவப்பு, உருண்டு வருகிற பிரகாசி, உச்சியில் வாயெல்லாம் இரத்தமாக மச்சக்காரன். பாவம், அது அவள் காயத்தையும் நக்கியிருந்தது. ஊரின் முதுகுத்தண்டில் அந்த நிமிஷம் இறங்கிய குளிர் அதன்பிறகு ஏறவே இல்லை. வாலைப் பிடித்துச் சறுக்கிய பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மாலை போட்டவன் தன் கையை மோந்து மோந்து பார்த்தான். மறுநாள் கயிறு கட்டி இறக்கிய அத்தனை பேரும் தக்கைபோல மேலே நின்றார்கள், கயிற்றையே கட்ட வேண்டியிருக்கவில்லை. சிலர் அதைக் கொன்றுவிடுவோம் என்று வேல்கம்போடு வந்தபோது பிரகாசி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றாள்: "செத்ததுக்கு எவன்லே பயப்படுவான்? இருக்கட்டும். கிட்டப் போவாதிய, அது போதும்." ஆகவே அம்பாரத்தைச் சுற்றி முள் அடைத்தார்கள். நிழல் போட்ட பாயைத் தூரத்திலிருந்தே கொக்கியால் இழுத்துப் போட்டார்கள். போகிறவன் வருகிறவனெல்லாம் ஒரு கல் எறிந்துவிட்டுப் போனான். அது வலிக்கிற இடத்தை நக்கிக்கொண்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தது.

கஸ்பார் ஒரு கல்லும் எறியவில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து, அவள் கையை மடியில் வைத்து, பழந்துணியை அவிழ்த்து, வெந்நீரால் துடைத்தான். துடைத்தவன் கை நின்றது.

"பிரகாசி. இது பல்லு இல்ல."

"பல்லுதான்."

"கயிறு அறுத்தே என் காலம் போச்சு. அறுத்ததுக்கும் கடிச்சதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதாட்டி? நாலும் ஒரே பக்கமா இறங்கியிருக்கு. மேல ஆழம், போகப் போக லேசு. வலக்கையால இழுத்திருக்க."

"நகம். நகம் பட்டது."

அவன் புதுத் துணியைச் சுற்றினான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்த சண்டை ஆகியிருக்கும்; அவன் முகத்தில் இருந்தது நிம்மதி. அது கடிக்கவில்லை, அதன் மேல் பழி இல்லை என்கிற நிம்மதி. அதைப் பார்த்ததும் பிரகாசி அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நகந்தான்னு சொல்லுதேம்லா. நம்புங்க. என்னைப் பாத்து நம்புங்க."

"நம்புதேன்."

"பொய். இந்தாங்க, நான் சொல்லுதத கேளுங்க. முழுசா வேண்டாம். பாதி பயப்படுங்க. பாதி கூட வேண்டாம், கால்வாசி. ராத்திரி இருட்டுல தனியா அது எதுக்க வந்தா பயமா இருக்காதா? அந்த அளவுக்குப் போதும், நான் அதையே எடுத்துக்கிடுதேன்."

"அது வந்தா ஒக்காந்து பேசுவேன்" என்றான் கஸ்பார். "கேட்டு வாங்குற சாமானா இது?"

"அப்ப போவாதிய. தோணிக்குப் போவாதிய."

"ஊரே பயந்து மெதக்கு. தண்டல் மட்டும் ஏன் நிக்கான்னு கேப்பானுவ. அவன் மச்சக்காரன் பக்கத்துல போயி இருக்கான், கல்லெறியல, அவனுக்கு என்ன தெரியும்னு கேப்பானுவ. கேட்டா ஒன் கைய அவுத்துப் பாப்பானுவ." அவன் முடிச்சை இறுக்கினான். "அவுத்துப் பாத்தா, எல்லாரும் தாழுவானுவ. சவரியான் மாதிரி. தொபியாஸுக்கு இப்பதான் பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு."

பிரகாசி கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

புறப்பட்ட காலையில் கஸ்பார் மற்றவர்களோடு முள்வேலியைச் சுற்றி நடந்தான். அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டான், கையை நடுங்கவைத்துக்கொண்டான், சிறுத்தை அவனை மட்டும் பார்த்து எழுந்து முள்ளருகே வந்து முனகியபோது இரண்டடி பின்னால்கூடத் துள்ளினான். நன்றாகத்தான் நடித்தான். பாலத்தில் அவன் கயிற்றைப் பிடிக்க, ஆட்கள் ஒவ்வொருவனாக இறங்கி மிதந்து ஏறினார்கள். அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவன் தோணியில் கால் வைக்குமுன் அவளைத் திரும்பிப் பார்த்து, "சோத்துக்கு உப்பு கொறச்சிப் போடு" என்றான்.

தோணி போனது. பாய் நகமளவு ஆனது, பிறகு அதுவும் இல்லை. காற்று எழும்பியது, கூரை ஓலைகள் பறந்தன, கோயில் மணி தானாக அடித்தது. காற்று ஓய்ந்தபின் ஒரு காலையில் மரப்பாலத்தில் நின்றவர்கள் கிழக்கே தலைகளைப் பார்த்தார்கள். நிமிர்ந்த தலைகள், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற தலைகள். பெண்கள் பேர் சொல்லி எண்ணினார்கள். பிரகாசி எண்ணவில்லை. எந்தத் தலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

தொபியாஸ் அவள் காலடியில் விழுந்து கிடந்தபடிதான் சொன்னான். உப்பு ஈரம் குடித்துத் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பலகை விட்டது, எல்லோரும் தண்ணீரில். "மொதல்ல மெதந்தோம் அக்கா. அப்புறம் ஒரு பெரிய அல வந்துது, மல மாதிரி. அதப் பாத்ததும் எங்களுக்குச் சிறுத்த மறந்துட்டு. கடலுக்குப் பயந்துட்டோம். ஒவ்வொருத்தனா தாழ ஆரம்பிச்சோம். தண்டல் அண்ணன் கவுந்த தோணி மேல ஏறி ஒக்காந்திருந்தாரு. அவருதான் உறுமுனாரு."

"என்னது?"

"உறுமுனாரு அக்கா. அது மாதிரியே. எங்க முதுகுக்குப் பின்னால அது வந்து நிக்கிற மாதிரி. எங்களுக்கு ரோமமெல்லாம் எந்திரிச்சிட்டு, சரசரன்னு மேல வந்தோம். விடியிற மட்டும் உறுமுனாரு. சிறுத்தப் பயம் எங்கள விட்டுப் போற மாதிரி அல வரும், அவரு உறுமுவாரு, நாங்க மேல வருவோம். தோணி முழுசா உள்ள போனப்ப நான் கைய நீட்டுனேன். புடிக்கல. நான் கனம்லே, ஒன்னையும் இழுத்துருவேன்னாரு." அவன் அழுதான். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல அக்கா. ஊருல அத அவ்வளவு கிட்டக்கப் பாத்தவரு, அவரு ஏன் தாழ்ந்தாரு? அவருக்குப் பயமே இல்லையா?"

ஊர் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. பாலத்தில் ஈரத்தோடு நின்றவர்கள், அவர்களைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள், தொபியாஸின் பெண்சாதி தோளில் தூங்கிய கைக்குழந்தை. உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் நெஞ்சு ஆறும். சொல்லிவிட்டால் அவன் எவ்வளவு பெரியவன் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

"பயமா? ஒங்க எல்லாத்தையும்விட அவருக்குத்தான் பயம் சாஸ்தி" என்றாள். "சத்தம் கேட்டு அதுவே வந்துட்டு. ஒங்க கண்ணுல படாம தண்ணிக்கு அடியில வந்து அவரக் கடிச்சி இழுத்துட்டுப் போயிட்டு. அதான் கொன்னுது."

ஒருவன்கூடச் சந்தேகப்படவில்லை. கல் எடுக்காத கையும் அன்று கல் எடுத்தது. முள்வேலியைச் சுற்றி நின்று எறிந்தார்கள், எறிந்துகொண்டே நடுங்கினார்கள். சிறுத்தை முள்ளைத் தாண்டியது. மனிதர்களைப் பார்த்து, வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே பாலத்தில் ஏறி, அதன் நுனியிலிருந்து கிழக்கே பார்த்துக் கடலில் குதித்தது. அது முங்கவில்லை. எறிந்து எறிந்து ஊர் அதற்கும் பயத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது. மனிதர்களைக் கண்ட பயத்திலேயே அது நிமிர்ந்து மிதந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கஸ்பார் போன திசையில் போய் மறைந்தது.

அது போனபின் பயம் போகவில்லை, வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறுத்தைக்கு எவன் பேர் வைக்க முடியும், எவன் மாலை போட முடியும்? முறைமை மட்டும் மாறியது. தோணி புறப்படுகிற காலையில் ஆட்கள் வெறும் அம்பாரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டுப் பாலத்தில் வரிசையாக நிற்பார்கள். கறுப்புச் சேலையில் பிரகாசி வந்து, முந்தானையை விலக்கித் தழும்பைக் காட்டி, அது கடித்ததையும் அது தன் புருஷனைக் கொன்றதையும் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியே சொல்வாள், குறைத்துச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. கஸ்பாருக்குப் பிறகு தண்டலான தொபியாஸ், அவள் சொல்லி முடித்ததும் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அன்றிரவு அண்ணன் உறுமியதுபோல, தொண்டையின் அடியிலிருந்து, நீளமாக உறுமுவான். வரிசை முழுவதும் வெலவெலத்து, ரோமம் நட்டுக்கொண்டு நிற்கும். அவ்வளவு போதும், அவர்கள் மிதப்பார்கள், தொபியாஸ் கயிற்றை எடுக்கப் போவான்.

பிரகாசி மட்டும் நகரமாட்டாள், கண்ணை மூடியபடி அப்படியே நிற்பாள்.

"இன்னொரு தடவ உறுமு தொபியாஸு" என்பாள். "இவனுவளுக்குப் பத்தல."